ஜெபம் நடக்குது, டாக்டர்

டீக்கன் வெண்டெல் ஹார்ப் லிஃப்டிலிருந்து இறங்கி மூன்று எட்டு வைப்பதற்குள் லூஷியஸ் டார்வரின் உள்ளங்கை எழுந்துவிட்டது. வெள்ளைக் கையுறை போட்ட உள்ளங்கை. அது எழுந்தால் ரயிலே நிற்கும், டீக்கன் எம்மாத்திரம்.

"டீக்கன், மூக்கு?"

"மூக்குக்கு என்ன வந்துச்சு?"

"லிஃப்டுக்குள்ள தும்முனீங்க. இங்க வரைக்கும் கேட்டுச்சு."

"அடப் போப்பா, மத்தியானம் சூப்புல மிளகு தூக்கலாப் போயிருச்சு."

"மிளகோ பிசாசோ, இன்னைக்கு நீங்க கண்ணாடி வழியாத்தான் சிஸ்டர் ஒடெஸ்ஸாவைப் பாக்கணும். மூணு நாள் தும்மாம இருந்தா உள்ள விடுறேன்."

சபைக் காரியங்களைக் கவனிக்கும் டீக்கன்களுக்கெல்லாம் தலைவர் வெண்டெல் ஹார்ப். அவர் நின்றால் நூறு பேர் எழுந்திருப்பார்கள். அப்படிப்பட்ட மனிதர் ஆஸ்பத்திரிக் கதவின் சின்னக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு, உள்ளே கட்டிலில் இருந்த ஒடெஸ்ஸாவுக்குச் சைகையாலேயே பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க மாட்டார் என்பார்களே, அந்தப் பூசாரி லூஷியஸ்தான்.

லூஷியசுக்கு அறுபத்து நாலு வயது. ஒல்லி, நெட்டை, வாரத்தில் ஏழு நாளும் கறுப்புக் கால்சட்டை. மேக்கன் நகரத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் தரைகளைத் துடைத்து மெழுகு போட்டுப் பளபளப்பாக்குவது பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் கிரேட்டர் பெத்சாயிதா பாப்டிஸ்ட் சபையில் வாசல் ஊழியம். வருகிறவர்களை வரவேற்று, இடம் பார்த்து உட்கார வைத்து, அழுகிறவர்களுக்குக் கைத்துண்டும் மயங்குகிறவர்களுக்கு விசிறியும் கொடுக்கும் வேலை. முப்பத்தொரு வருஷமாக அந்தக் கதவில் நிற்கிறார். முதல் வேலையைவிட இரண்டாவது வேலையைப் பற்றித்தான் அவருக்குக் கர்வம் அதிகம்.

இப்போது ஐந்து வாரமாக அவருடைய வாசல் இந்த ஆஸ்பத்திரியின் நாலாவது மாடியில் இருக்கிறது. உள்ளே இருப்பது அவருடைய மனைவி. ரத்தப் புற்றுநோய்.

அது வந்த விதத்தை அவர் அதிகம் பேச விரும்புவதில்லை. பிப்ரவரியில் ஒடெஸ்ஸாவின் கைகளில் நீலத் திட்டுகள் தெரிந்தன. முதல் நாள், கட்டிலை நகர்த்தியபோது தான்தான் இடித்துவிட்டோம் என்று நினைத்து லூஷியஸ் மன்னிப்புக் கேட்டார். இரண்டாவது வாரம் தொடையிலும் வந்தபோது, "இதையும் நீதான் இடிச்சியா, இல்ல வேற எவளாவது வந்து இடிச்சாளா?" என்று ஒடெஸ்ஸா சிரித்தார். மூன்றாவது வாரம் ஈறில் ரத்தம் நிற்கவில்லை. அன்று மாலையே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். ஏழு நாள் இரவும் பகலும் குழாய் வழியாக மருந்து ஏறியது. அந்த மருந்து கெட்ட அணு, நல்ல அணு என்று பார்க்காமல் எல்லாவற்றையும் கொன்று போட்டது. உடம்பில் எதிர்ப்புச் சக்தி என்று ஒன்றுமே மிச்சமில்லை. ஒரு தும்மல் போதும், ஆளைக் கொண்டுபோய்விடும் என்றார்கள்.

லூஷியசுக்குப் புரிந்த பாஷை அது ஒன்றுதான். அணு, மஜ்ஜை, எண்ணிக்கை என்று டாக்டர்கள் பேசியபோது திருதிருவென்று விழித்தவர், "ஆளுங்க வர்றதைக் கவனிக்கணும்" என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். வீட்டுக்குப் போய் வாசல் ஊழியத்துக்குப் போடும் வெள்ளைக் கையுறைகள் ஆறு ஜோடி, மார்பில் குத்தும் பித்தளைப் பட்டை, இரண்டையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

அன்றிலிருந்து வாசலில் அவர் நிற்கிறார். அவருடைய லீவு மூன்றாவது வாரமே தீர்ந்துவிட்டது. பள்ளிக்கூடத்துச் சமையல்காரம்மாவும் பேருந்து ஓட்டுநர்களும் கணக்கு வாத்தியாரும் தங்கள் லீவு நாட்களை அவர் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கணக்கு வாத்தியாரோடு பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை, மெழுகு காயுமுன் அவர் தரையில் நடந்துவிட்ட பழைய தகராறு. அவர் கொடுத்தது ஐந்து நாள்.

கையுறை விஷயத்தில் தலைமை நர்ஸ் லடோன்யா முதலில் சண்டைக்கு வந்தார்.

"மிஸ்டர் டார்வர், துணிக் கையுறையெல்லாம் இங்க ஆகாது. இதோ, நீலக் கையுறை பெட்டி பெட்டியா இருக்கு, போட்டுக்குங்க."

"நீலமா? ஆண்டவர் வாசல்ல நீலக் கையோட நின்னவன் எவனாவது இருக்கானாம்மா?"

"இது ஆண்டவர் வாசல் இல்ல, என் வாசல்."

"அவரு அப்படி நினைக்கலியே."

கடைசியில் சமாதானம் ஏற்பட்டது. வெளியே நடையில் நிற்கும்வரை வெள்ளை. உள்ளே காலடி வைப்பதானால் கையுறையைக் கழற்றிவிட்டு முழங்கைவரை சோப்புப் போட வேண்டும். ஒரே வாரத்தில் லடோன்யாவுக்கு மனது மாறிவிட்டது. நாலாவது மாடியில் மற்ற அறைகளிலெல்லாம் யாருக்காவது காய்ச்சல் வந்தது, மூன்றாவது அறைக்கு மட்டும் வரவில்லை. "எனக்கு இன்னும் நாலு லூஷியஸ் வேணும்" என்று மேலிடத்தில் சொன்னாராம்.

பெத்சாயிதா சபைக்காரர்களை நிறுத்துவது லேசான காரியம் இல்லை. ஒருவர் நோயில் விழுந்தால் அவர்களுக்குத் தெரிந்த வைத்தியம் இரண்டு: ஜெபம், சாப்பாடு. முதல் வாரமே கோழி வறுவல், கீரை, மக்ரோனி, பீச் பழப் பலகாரம், பவுண்டு கேக் என்று பாத்திரம் பாத்திரமாக வந்து இறங்கியது. ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் ஒட்டுப்பட்டையில் சொந்தக்காரியின் பெயர். ஒடெஸ்ஸாவோ வெளிச் சாப்பாட்டை மோந்துகூடப் பார்க்கக் கூடாது. திருப்பி அனுப்பினால் சபை இரண்டாக உடைந்துவிடும். லூஷியஸ் இரண்டு கையாலும் வாங்கி, "சிஸ்டர், வாசனையே சொஸ்தமாக்குது" என்று சொல்லி, அப்படியே நர்ஸ்களின் அறைக்கு அனுப்பிவிடுவார். யார் கேக் நன்றாக இருந்தது என்று நர்ஸ்களிடம் விசாரித்துக்கொண்டு, மறுநாள் அதே வார்த்தைகளில் ஒடெஸ்ஸா புகழ்ந்ததாகச் சொல்லுவார். அது பொய்யா என்று ஒடெஸ்ஸா கேட்டபோது, "உனக்குப் பதிலா அவங்க சாப்பிட்டாங்க, அவங்களுக்குப் பதிலா நீ சொன்ன. கணக்கு நேராப் போச்சு" என்றார்.

பாஸ்டரம்மா ஒருநாள் கை நிறைய லில்லிப் பூவோடு வந்துவிட்டார். பூவும் கூடாது, தண்ணீரில் கிருமி இருக்கும். பாஸ்டரம்மாவிடம் 'கூடாது' என்று சொன்ன மனிதன் சபை வரலாற்றிலேயே கிடையாது.  லூஷியஸ் குனிந்து பூங்கொத்தை வாங்கினார். கீழே இறங்கி, மருத்துவமனையைச் சுற்றி நடந்து, ஒடெஸ்ஸாவின் ஜன்னலுக்கு நேர் கீழே கார் நிறுத்தும் இடத்தில் நின்று, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. நாலு மாடி உயரத்திலிருந்து பார்த்த ஒடெஸ்ஸா, "யாரோ ஒரு கிறுக்கன் முட்டைக்கோசைத் தூக்கிக்கிட்டு நிக்கிறான்" என்று நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினாராம்.

ஒடெஸ்ஸாவின் வாய் அப்படி. பாடகர் குழுவில் கீழ்க்குரல் பாடுகிறவர். மருந்து முடியைக் கொண்டுபோனது, நாக்கில் ருசியைக் கொண்டுபோனது, குரலைத் தொட முடியவில்லை. புருஷனைக் கிண்டல் பண்ணுவதுதான் அந்த அம்மாளுக்கு மாத்திரை.

லூஷியசிடம் ஒரு குறை உண்டு. சபையில் அது எல்லோருக்கும் தெரியும். அவருக்கு வாய்விட்டு ஜெபம் பண்ண வராது. முப்பத்தொரு வருஷமாக மற்றவர்கள் ஜெபிக்கும்போது அவர் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தவர். "கதவைப் பாத்துக்கிறது என் வேலை, உள்ள நடக்கிறது அவரு வேலை" என்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மனைவி படுத்த பிறகு டீக்கன் விடவில்லை.

"பிரதர் டார்வர், நீ குடும்பத் தலைவன். ஊரெல்லாம் வந்து அவளுக்காக ஜெபிக்குது. நீ ஒரு வார்த்தை சொல்ல வேணாமா?"

இது லூஷியசை உறுத்திவிட்டது. நாலாவது வாரத்தில் ஒருநாள் சாயங்காலம், கையைக் கழுவிக்கொண்டு கட்டில் பக்கத்தில் போய் நின்று, தொண்டையைக் கனைத்தார். ஒடெஸ்ஸா கண்ணை மூடிக்கொண்டார். வெகு நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு வந்தது.

"ஆண்டவரே... மேக்கன்ல, பெரிய ஆஸ்பத்திரி. மெயின் வாசல் வேணாம், கூட்டமா இருக்கும். பக்கத்து வாசல்ல வாங்க. நாலாவது மாடி. லிஃப்டை விட்டு எறங்குனதும் வலது கைப் பக்கம், மூணாவது ரூம். நான் வெளியிலதான் நிப்பேன். ஆமென்."

 பிறகு கட்டில் குலுங்கத் தொடங்கியது. வலிப்போ என்று பயந்து லூஷியஸ் மணியை அமுக்க, நர்ஸ் லடோன்யா ஓடி வந்தார். ஒடெஸ்ஸா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

"வழி சொல்றான் லடோன்யா! ஆண்டவருக்கே வழி சொல்றான்!"

"தப்பா ஒண்ணும் சொல்லலியே" என்றார் லூஷியஸ், காது மடல் சூடாகி. "அவருக்கு ஆயிரம் ரூம் இருக்கும்."

சிரித்து முடித்த பிறகு ஒடெஸ்ஸா அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் விடவில்லை.

அந்த வாரக் கடைசியில் இடுப்பு எலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையை எடுத்தார்கள். மருந்து வேலை செய்ததா இல்லையா என்பதை அதுதான் சொல்லும். அதில் கெட்ட அணு இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம். இருந்தால் இதைவிடக் கடுமையான மருந்து, அதை ஒடெஸ்ஸாவின் இருதயம் தாங்குமா என்று டாக்டருக்கே சந்தேகம். இதை டாக்டர் ஹாலோரன் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். சின்ன வயதுப் பெண், குள்ளம், செம்பட்டை முடி, நடக்காமல் ஓடுகிறவர். முடிவு வர மூன்று நாள் ஆகும் என்றார்.

மூன்று நாளும் லூஷியஸ் சரியாகச் சாப்பிடவில்லை. நடையின் தரையைக் குனிந்து பக்கவாட்டில் பார்த்து, "மெழுகுல தண்ணி கலந்துட்டாங்க" என்று துப்புரவுக்காரரிடம் குறை சொன்னார். மறுபடியும் அரை மணி நேரத்தில் அதையே சொன்னார். டாக்டர் கோட்டுப் போட்ட எவர் வந்தாலும் கையில் காகிதம் இருக்கிறதா என்று பார்த்தார்.

நான்காம் நாள், புதன்கிழமை மத்தியானம், சபைத் தாய் பீஸ்லி அம்மா வந்தார். எண்பத்தெட்டு வயது, வெள்ளைத் தொப்பி, வெள்ளைக் கவுன். கூடச் சபையைச் சேர்ந்த சிஸ்டர் இம்மோஜீன். பீஸ்லி அம்மாவின் ஜெபத்துக்கு வல்லமை உண்டு என்பது ஊரறிந்த விஷயம். நீளம் உண்டு என்பதும் ஊரறிந்த விஷயம். உலகம் உண்டானதில் ஆரம்பித்து, ஆண்டவர் செய்த ஒவ்வொரு அற்புதத்தையும் அவருக்கே வரிசையாக ஞாபகப்படுத்திவிட்டு, கடைசியில்தான் விஷயத்துக்கு வருவார். லூஷியஸ் இருவர் கையையும் கழுவ வைத்து, முகக்கவசம் கட்டி, உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார். குரல் எழுந்தது.

அப்போதுதான் லிஃப்ட் திறந்து டாக்டர் ஹாலோரன் வந்தார். அன்றைக்கு ஓடவில்லை, நடந்து வந்தார். கையில் மடித்த ஒரு காகிதம்.

கதவுக்கு நாலடி இருக்கும்போது உள்ளங்கை எழுந்தது.

"மிஸ்டர் டார்வர், ரிசல்ட் வந்திருச்சு."

"ஜெபம் நடக்குது, டாக்டர்."

டாக்டர் தவறாகக் கேட்டதாக நினைத்துக்கொண்டார். "மஜ்ஜை ரிசல்ட். மூணு நாளா இதைத்தானே கேட்டுக்கிட்டு இருந்தீங்க?"

"ஆமாம்மா. ஜெபம் நடக்குது."

ஜெபம் நடக்கும்போது கதவு திறக்காது. பெத்சாயிதாவில் அதுதான் சட்டம். தேர்தல் சமயத்தில் வந்த நகரத் தலைவரையே ஆகஸ்டு வெயிலில் படிக்கட்டில் நிறுத்தி வைத்தவர் லூஷியஸ். முப்பத்தொரு வருஷத்தில் ஒருவருக்குக்கூட விலக்குக் கொடுத்ததில்லை. விலக்குக் கொடுக்க வேண்டிய ஒரு நாள் உண்டென்றால் அது அன்றைக்குத்தான். அப்போதும் கை இறங்கவில்லை. என்ன பிடிவாதம் இது என்று யாருக்கும் தோன்றும். ஆனால் அந்த மனிதருக்குத் தெரிந்த விசுவாசம் அந்த ஒரு காரியத்தில்தான் இருந்தது. அதையும் விட்டுவிட்டால் அவர் கையில் என்ன இருக்கிறது?

"எவ்வளவு நேரம் ஆகும்?" டாக்டர் கேட்டார்.

லூஷியஸ் கதவில் காதை வைத்துக் கேட்டார். "இப்பத்தான் வெள்ளம் வடிஞ்சிருக்கு. இன்னும் செங்கடல் இருக்கு."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "அதுக்கப்புறம்?"

"சிங்கக் கெபியில போட்டவரைக் காப்பாத்துனது. அக்கினிச் சூளை. சூளையில கொஞ்சம் நேரம் எடுப்பாங்க."

டாக்டர் பெருமூச்சு விட்டுச் சுவரில் சாய்ந்தார். ஒரு நர்ஸ் மருந்துத் தட்டோடு வந்து, நிலைமையைப் பார்த்து, தானும் நின்றார். உள்ளே ஜெபத்தில் செங்கடல் பிளந்தது. ஜனங்கள் கடந்தார்கள்.

"உங்ககிட்ட மட்டும் சொல்லிடட்டுமா, மிஸ்டர் டார்வர்?" டாக்டர் மெதுவாகக் கேட்டார்.

லூஷியஸ் தலையை ஆட்டி மறுத்தார். "ரத்தம் அவளோடது. மொதல்ல அவதான் கேக்கணும்."

சொல்லிவிட்டார், ஆனால் காகிதம் இரண்டடி தூரத்தில் இருந்தது. அதைவிட மோசம், டாக்டரின் முகமும் இரண்டடி தூரத்தில்தான் இருந்தது. அந்த முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஊழியத்தில் நிற்கிறவன் ஜெபத்தின்போது கண்ணை மூடக் கூடாது, எல்லோரும் மூடும்போது அவன்தான் விழித்திருக்க வேண்டும். அன்று லூஷியஸ் டார்வர் கண்களை இறுக்கி மூடிக்கொண்டார். கையைத் தூக்கியபடியே, கண்ணை மூடியபடியே, கதவில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார். உதடு ஏதோ முணுமுணுத்தது. வழி சொன்னாரோ என்னவோ.

சூளை அணைந்தது. பீஸ்லி அம்மா விஷயத்துக்கு வந்தார். "எங்க ஒடெஸ்ஸாவைத் தாரும் ஆண்டவரே, பாட்டுல கீழ்க்குரல் இல்லாம நாங்க பட்ட பாடு போதும்" என்றார். ஆமென்.

லூஷியஸ் கண்ணைத் திறந்து, எண்ணி மூன்று விநாடி பொறுத்து, கதவை விரியத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். டாக்டர் கை கழுவிக்கொண்டு உள்ளே போனார். வாசலிலிருந்து லூஷியசுக்குத் தெரிந்தது டாக்டரின் முதுகும், முதுகுக்கு அந்தப் பக்கம் ஒடெஸ்ஸாவின் மொட்டைத் தலையும்தான். டாக்டர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"மிசஸ் டார்வர், தேடித் தேடிப் பாத்துட்டோம். கெட்ட அணு ஒண்ணுகூட இல்ல. இதோட முடிஞ்சிடல, திரும்ப வராம இருக்க இன்னும் மூணு சுற்று மருந்து இருக்கு. ஆனா இந்தச் சுற்று நீங்க ஜெயிச்சிட்டீங்க. வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகலாம்."

ஒடெஸ்ஸா கத்திய கத்தலில் அடுத்த வார்டிலிருந்து இரண்டு நர்ஸ்கள் ஓடி வந்தார்கள். லூஷியஸ் அவர்களையும் கையைக் காட்டி நிறுத்தினார். கை தானாக எழுந்தது, அவர் தூக்கவில்லை. கன்னத்தில் கண்ணீர் வழிந்து சட்டைக் காலரில் இறங்கிக்கொண்டிருந்தது, அதைத் துடைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

உள்ளே பீஸ்லி அம்மா, "ஸ்தோத்திர ஜெபம் ஒண்ணு பண்ணிருவோம்" என்று தொப்பியைச் சரி செய்தார். வெள்ளம் மறுபடி ஆரம்பிக்கும் அபாயத்தை உணர்ந்த ஒடெஸ்ஸா, "அம்மா, நர்ஸ் ரூம்ல சிஸ்டர் இம்மோஜீனோட கேக் இன்னும் மிச்சம் இருக்காம், போய்ச் சாப்பிட்டுட்டு வந்து பண்ணுங்கம்மா" என்றார். அம்மாமார் இருவரும் போனார்கள். டாக்டரும் வெளியே வந்தார். அறையில் ஒடெஸ்ஸா மட்டும் இருந்தார்.

"லூஷியஸ்! உள்ள வா."

"இருக்கேன், இருக்கேன்."

"இருக்கேன்னா என்ன? வாய்யா இங்க!"

"மாத்த ஆள் வரல, டெஸ்ஸா."

வாசலில் நிற்கிறவன் இஷ்டத்துக்கு நகர முடியாது. அவன் இடத்துக்கு இன்னொருவன் வந்து தோளைத் தொட்டால்தான் அவனுக்கு விடுதலை. பெத்சாயிதாவில் அதற்கென்று ஆட்கள் உண்டு. ஆஸ்பத்திரியில் யார் இருக்கிறார்கள்? லூஷியஸ் நடையை மேலும் கீழும் பார்த்தார். டீக்கனைக் காணோம். நர்ஸ்கள் கேக் பக்கம் போய்விட்டார்கள். லிஃப்டுக்காகக் காத்திருந்த டாக்டர் ஹாலோரன்தான் கண்ணில் பட்டார்.

"டாக்டர், ஒரு நிமிஷம். உங்களுக்கு அவசர வேலை இருக்கா?"

டாக்டருக்கு அன்று பார்க்க வேண்டிய நோயாளிகள் இன்னும் ஒன்பது பேர். "இல்லை" என்றார்.

லூஷியஸ் அவரைக் கூட்டிவந்து, தான் நின்ற இடத்திலேயே, கதவுக்கு இடது பக்கம், முதுகு சுவருக்கு வர நிறுத்தினார். ஒரு அடி பின்னால் போய் நின்று பார்த்தார். திருப்திப்படவில்லை, கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

"என் தோளைத் தொடுங்க."

தொடுவதற்கு டாக்டர் எக்க வேண்டியிருந்தது. தொட்டார்.

"யாரையும் விடாதீங்க. பாஸ்டரே வந்தாலும் சரி."

உள்ளே போனார். கையுறையைக் கழற்றிவிட்டு, சோப்பை முழங்கைவரை போட்டு, அவசரப்படாமல், விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினார். துடைத்துக்கொண்டு திரும்பி வந்து கதவைச் சாத்தி, அதன் சின்னக் கண்ணாடிக்கு மேலே சுருட்டி வைத்திருந்த திரையை இழுத்து, அடிவரை இறக்கிவிட்டார்.